பிடித்துப்போச்சு, வீட்டில் எப்படிச் சொல்ல? குமரி முஸ்லிம் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள்

என் வாப்பா எங்கள் ஊர் ஜமாஅத்தில் (பள்ளிவாசல் நிர்வாகம்) முப்பது வருடத்துக்கு மேல் நிக்காஹ் தஃப்தர் (கல்யாணப் பதிவேடு) எழுதினார். பச்சை பைண்டு போட்ட நீளப் பதிவேடு. கல்யாண வீட்டுக்கு அதைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார். நெய்ச்சோற்றுக்கு ஆசைப்பட்டு நானும் பின்னாலேயே ஓடுவேன். இப்போது தக்கலைப் பக்கம் பிளஸ் டூ, பி.காம். பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். பாடம் முடிந்து நோட்டை மூடியதும் "டீச்சர், வேற ஒண்ணு கேக்கட்டா" என்று யாராவது ஒருத்தி நிற்பாள். பையன்கள் ராத்திரி வாட்ஸப்பில் கேட்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் மார்க்கக் கல்வி படித்த ஆலிமா இல்லை, வக்கீலும் இல்லை. ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வேண்டுமென்றால் ஹஜ்ரத்திடம் போங்கள், கேஸ் என்றால் வக்கீலிடம் போங்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கணக்கில் பற்று எது, வரவு எது என்று பிரிப்பதைப் போல, மார்க்கம் எது, ஊர் வழக்கம் எது, சட்டம் எது என்று பிரித்துப் பார்ப்பேன். பாதிச் சிக்கல் இந்த மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்குவதால் வருகிறது.

ஒருத்தரைப் பிடித்துப்போச்சு. அதுவே பாவமா?

மனசில் வருவதற்குக் குற்றம் எழுதப்படுவதில்லை. மதீனாவில் முகீஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் மனைவி பரீரா அடிமையாக இருந்து விடுதலையானவர். விடுதலையானதும், அந்தத் திருமணத்தில் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பரீராவுக்கு வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு தெருத்தெருவாக அவர் பின்னாலேயே நடந்தார். அதைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் முகீஸைத் திட்டவில்லை. பரீராவிடம், திரும்பிப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தார்கள். "இது உத்தரவா?" என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். "அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை" என்றார் பரீரா. பேச்சு அதோடு முடிந்தது. புகாரியில் இருக்கிற செய்தி இது.

இதில் முகீஸின் அழுகையை மட்டும் எடுத்துக்கொள்ளும் பையன்கள் உண்டு. பரீராவின் பதிலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கையை அறுத்துக்கொள்வேன், ஸ்டேட்டஸ் போடுவேன் என்பதெல்லாம் காதல் கணக்கில் வராது, மிரட்டல் கணக்கில் வரும்.

மார்க்கம் தடுப்பது, மணமுடிக்கக்கூடிய ஓர் ஆணும் பெண்ணும் ஆளில்லாத இடத்தில் தனித்திருப்பதையும், அதற்கு மேல் போவதையும். பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் வசனம் முதலில் ஆண்களிடம் பேசிவிட்டு, அடுத்த வசனத்தில்தான் பெண்களிடம் வருகிறது (24:30, 31). நம் ஊரில் அந்த வரிசை எப்படியோ தலைகீழாகிவிட்டது.

சரி, வீட்டில் எப்படிச் சொல்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சொல்வதைத் தள்ளிப்போட்டுத் தப்பித்தவர்களை நான் பார்த்ததில்லை. நம் மாவட்டம் சின்னது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் சேர்ந்து ஜூஸ் குடித்தால், பஸ் தக்கலை வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்திருக்கும். வீட்டுக்கு யார் வாயால் போகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் வாயால் போனால் அது சம்பந்தப் பேச்சு. அடுத்த வீட்டு மாமி வாயால் போனால் கேவலம்.

பெரும்பாலான வீடுகளில் நேரே வாப்பாவிடம் போவது வேலைக்கு ஆகாது. உம்மாவிடமும் முதலில் போகாதீர்கள். பயத்தில் கத்திவிடுவார்கள், பாவம். சாச்சி (சித்தி), மாமி, கட்டிக்கொடுத்த ராத்தா (அக்கா), இப்படி வாப்பா பேச்சைக் கேட்கிற ஆள் யார் என்று பாருங்கள். அவர்களிடம் "லவ் பண்றேன்" என்று தொடங்காதீர்கள். "இப்படி ஒரு இடம் இருக்கு, இன்ன ஊர், இன்ன வேலை, எனக்குப் பிடிச்சிருக்கு, விசாரிக்கச் சொல்லுங்க" என்று தொடங்குங்கள். இரண்டும் ஒரே சேதிதான். ஆனால் முதலாவதைக் கேட்டதும் கதவைப் பூட்டுவார்கள், இரண்டாவதைக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் வெட்கக்கேடு என்பது ஊர் வழக்கம், மார்க்கம் அல்ல. கதீஜா நாயகி ஒரு தோழி மூலமாகத் தாமேதான் சம்பந்தம் பேசச் சொல்லி அனுப்பினார்கள். இதை மேடையில் மணிக்கணக்காகச் சொல்வோம். சொந்த மகள் சொன்னால் மட்டும் தொண்டை அடைக்கும்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் இல்லாமல் பேசப் போகாதீர்கள். பணக்காரனாக வேண்டாம், ஒரு மாதச் செலவுக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். "இன்னும் அஞ்சு வருஷம் வெயிட் பண்ணு" என்று ஒருத்தியை நிறுத்தி வைத்துவிட்டு, ஆறாவது வருடம் உம்மா சம்மதிக்கவில்லை என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

எனக்கு விருப்பமில்லை. பேசி முடித்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். நிக்காஹ் நடக்கும் அந்த நிமிடம் வரைக்கும் முடியும்.

கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணை, அவர் விருப்பத்துக்கு மாறாக அவர் தகப்பனார் கட்டிக்கொடுத்தார். அவர் நபியவர்களிடம் வந்து முறையிட்டார். அந்தத் திருமணம் செல்லாது என்று ரத்து செய்யப்பட்டது. கன்னிப்பெண்ணிடமும் சம்மதம் கேட்க வேண்டும், அவள் மௌனம் அவள் சம்மதம் என்றும் ஹதீஸ் இருக்கிறது. அந்த மௌனம் வெட்கத்தில் தலைகுனிந்த மௌனம். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட மௌனத்துக்கு அதைப் பொருத்தக் கூடாது.

நான் நேரில் பார்த்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் உள் அறைக்குச் சம்மதம் கேட்கப் போனார்கள். மணப்பெண் முக்காட்டுக்குள் குனிந்து இருக்கிறாள். வாப்பா மாப்பிள்ளை பெயர், மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது) எல்லாம் சொல்லி, "சம்மதமாம்மா?" என்றார். பதில் இல்லை. பக்கத்தில் இருந்த பெரியம்மா, "வெக்கப்படுதா, எழுதுங்கோ" என்றார். வாப்பா இன்னொரு தடவை கேட்டார். அந்தப் பிள்ளையின் மருதாணிக் கை நடுங்கியது. வாப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க, இவ உம்மா மட்டும் இருக்கட்டும்" என்றார். வெளியே பந்தலில் பிரியாணி அண்டா திறந்தாகிவிட்டது. அரைமணி நேரம் ஆனது. கடைசியில் அந்தக் கல்யாணம் நடந்தது. அவளே வாய்விட்டுச் சம்மதம் சொன்னாள். படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் அவள் பயம். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு, பரீட்சை எழுத அனுப்புவோம் என்று அங்கேயே சொல்ல வைத்தார்கள். எழுதினாளா என்று கேட்காதீர்கள். எழுதினாள், பாஸானாள்.

எல்லா ஊரிலும் பேனாவை மூடுகிற ஆள் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். அதனால் அந்த அறை வரைக்கும் தள்ளிப்போடாமல் முன்னமே சொல்லுங்கள்.

வலீ (பெண்ணுக்குப் பொறுப்பாளர்) இல்லாமல் நிக்காஹ் செல்லுமா? ஃப்ரண்ட்ஸ் சேர்ந்து செய்து வைக்கிறோம் என்கிறார்கள்.

ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டப் பிரிவு) வலீ இல்லாமல் பெண்ணின் நிக்காஹ் செல்லாது. தகப்பனார், அவர் இல்லையென்றால் தகப்பனாரின் தகப்பனார், அண்ணன் தம்பி என்று வரிசை உண்டு. ஹனஃபி மத்ஹபில், பருவமடைந்த, புத்தி தெளிவுள்ள பெண் தானே தன் நிக்காஹை முடித்துக்கொள்ள இடமிருக்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு மத்ஹபுகாரர்களும் இருக்கிறார்கள். வசதிக்கு ஒன்றை மாற்றிக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள்.

நியாயமான காரணமே இல்லாமல் வலீ மறுத்துக்கொண்டே இருந்தால், காஜி அந்த இடத்தில் நின்று முடித்துவைக்க வழி உண்டு. நான்கு நண்பர்கள் லாட்ஜ் அறையில் ஓதிவைப்பது அந்த வழி அல்ல. அதில் பதிவும் இருக்காது, மஹரும் இருக்காது. நாளைக்கு அவன் இல்லை என்று சொன்னால் உங்கள் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

நிச்சயம் முடிந்தது. இனி போனில் பேசலாம்தானே?

நிச்சயம் என்பது வாக்குத்தான், நிக்காஹ் அல்ல. மார்க்கத்தில் அவர் இன்னும் அந்நிய ஆண்தான். தேவையானதைப் பேசலாம் என்று அனுமதிப்பவர்கள் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பது தேவையான பேச்சா என்று உங்களுக்கே தெரியும். போட்டோ அனுப்பாதீர்கள். நிச்சயம் முறிந்த பிறகு அந்தப் போட்டோவுக்காக அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இதற்குப் பயந்து, "நிக்காஹை மட்டும் இப்போ முடிச்சிடுவோம், அழைச்சிட்டுப் போறது ஒரு வருஷம் கழிச்சு" என்று செய்யும் வீடுகள் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் பிறகு நீங்கள் புருஷன் பெண்டாட்டி என்பதை இரண்டு வீடும் மறந்துவிடக் கூடாது. நடுவில் வேண்டாம் என்று ஆனால் நிச்சயத்தை முறிப்பதைப் போல முறிக்க முடியாது. தலாக்கோ (கணவன் சொல்வது) குலாவோ (மனைவி கேட்டுப் பிரிவது) வேண்டும். சேர்ந்து வாழாமலே பிரிந்தால் பேசிய மஹரில் பாதி பெண்ணுக்கு உண்டு (2:237), இத்தா, அதாவது மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம், கிடையாது (33:49). இது தெரியாமல் அந்தப் பிள்ளையை மூன்று மாதம் அறைக்குள் உட்கார வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

முட்டம் பாறையில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் எடுக்கலாமா?

நிக்காஹ் முடிந்த மறுநாள் போய் எடுங்கள். பாறை எங்கேயும் போகாது. மாத்தூர் தொட்டிப் பாலமும் 1966இலிருந்து அங்கேயேதான் நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் 'ஒன்றும் கேட்கவில்லை, நீங்கள் மகளுக்குப் போடுவதைப் போடுங்கள்' என்கிறார்கள். இது சீதனமா?

ஆம். கேட்காமல் கேட்கிற சீதனம். அடுத்த வரியில் "மூத்த மருமகளுக்கு 51 பவுன் வந்தது" என்று சும்மா சொல்லிவைப்பார்கள். கைக்கூலி, சீதனம், ஸ்திரீதனம், பாக்கெட் மணி, பெயர் எத்தனை மாறினாலும் பணம் போகிற திசை ஒன்றுதான்.

வாப்பாவின் தஃப்தரில் 'மஹர்' என்று ஒரு கட்டம் உண்டு. பக்கம் பக்கமாக 'ஒரு பவுன்', 'ஒரு பவுன்', 'அரைப் பவுன்'. ஒரு பவுன் என்றால் 8 கிராம். அதே கல்யாணத்துக்குப் பெண்ணின் வாப்பா வயலை விற்று ஐம்பது பவுன் போட்டிருப்பார். அதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. "பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுங்கள்" என்று குர்ஆன் (4:4) ஆணிடம் சொல்கிறது. கொடுக்க வேண்டியவன் எட்டு கிராம் கொடுத்து நானூறு கிராம் வாங்குகிறான். எந்தக் கணக்குப்பிள்ளையும் இந்த ஐந்தொகையில் கையெழுத்துப் போட மாட்டான்.

சட்டம் இன்னும் தெளிவு. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். மஹர் மட்டும் அதில் வரதட்சணையாகக் கருதப்படாது. வாங்கினால் குறைந்தது ஐந்து வருடம் சிறை, அபராதம் 15,000 ரூபாய் அல்லது வாங்கிய தொகை, எது அதிகமோ அது. கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்தே அவர்மேல் வழக்குப் போட முடியாது.

தர்கா, மவ்லிது கூடாது என்கிற தவ்ஹீத் அமைப்புகளைப் பற்றி ஆயிரம் கருத்து இருக்கலாம். சீதனம் வாங்கும் கல்யாணத்தைப் புறக்கணிப்போம் என்று பிடிவாதமாக நின்றதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பார்த்து, பழைய வழக்கத்தில் நிற்கிற சில சுன்னத் ஜமாஅத்துகளும் கட்டுப்பாடு கொண்டுவந்தன. பந்தல் வரைக்கும் கட்டுப்பாடு, சமையலறை வாசலில் பெட்டி கைமாறும் என்பதும் உண்டு.

பெண்பிள்ளைகளுக்கு நடைமுறையான ஒன்று: வீட்டில் என்ன போட்டாலும் பட்டியல் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். அன்பளிப்புப் பட்டியல் வைப்பதற்கென்றே 1985இலிருந்து விதி இருக்கிறது. நகையை லாக்கரில் வைப்பதென்றால் உங்கள் பெயரில் வையுங்கள். மாமியார் கோபப்படுவார்களா? படுவார்கள். இரண்டு நாள்.

ஜமாஅத் பதிவேடு இருக்கே, அப்புறம் எதற்கு அரசுப் பதிவு?

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009, எல்லா மதத்தாருக்கும் கட்டாயம். கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. ஜமாஅத் சான்று, வயது ஆதாரம், முகவரி ஆதாரம், போட்டோ, சாட்சிகளோடு இரண்டு பேரும் நேரில் போக வேண்டும். மனைவியைத் துபாய்க்கோ கத்தாருக்கோ அழைக்க நினைக்கும்போதுதான் பலருக்கு இது ஞாபகம் வருகிறது. அப்போது 90 நாள் எப்போதோ போயிருக்கும்.

வேறு ஊரில் பெண் எடுத்தால் உங்கள் ஜமாஅத்தின் கடிதம் கேட்பார்கள். குளச்சல் மாப்பிள்ளை, திட்டுவிளைப் பெண் என்றால் இரண்டு ஊர்க் கடிதமும் வேண்டும். சந்தா பாக்கி இருந்தால் அன்றைக்கு வசூலாகிவிடும். இது ஊர் வழக்கம்தான், ஆனால் பயனுள்ளது. ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதை மறைத்து வருகிற ஆட்களை இந்தக் கடிதம்தான் பிடித்துக்கொடுக்கிறது.

மாப்பிள்ளை ரியாத்தில். வீடியோ காலில் நிக்காஹ் நடக்குமா?

கேட்பதும் ஏற்பதும் சாட்சிகள் முன்னால் ஒரே அமர்வில் நடக்க வேண்டும் என்பதால் வீடியோ காலை ஏற்காத ஆலிம்கள் நிறைய. அதற்குப் பதில் வக்காலத் உண்டு. மாப்பிள்ளை இங்கே ஒருவரைத் தன் வக்கீலாக நியமித்து, அவர் மாப்பிள்ளைக்காக 'கபூல்' சொல்வது. கோர்ட்டு வக்கீல் அல்ல, மாமாவோ சாச்சாவோ போதும். ஆனால் அரசுப் பதிவுக்கு இரண்டு பேரும் நேரில் வர வேண்டுமே? அதனால் லீவில் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நாற்பது நாள் லீவில் பெண் பார்த்து, கட்டி, விருந்து சுற்றி, முப்பத்தொன்பதாம் நாள் பெட்டி கட்டுகிற கல்யாணங்களைப் பற்றி எனக்கு வேறு வருத்தங்கள் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அவன் கிறிஸ்தவன் / அவள் இந்து. என்ன வழி?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். 2011 கணக்குப்படி இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, நாம் 4.2. வகுப்பில் பத்துப் பேர் நட்பு என்றால் ஒன்பது பேர் வேறு மதமாகத்தான் இருப்பார்கள்.

மார்க்கத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாத ஆணை மணக்க மத்ஹபுகள் எதிலும் அனுமதி இல்லை. முஸ்லிம் ஆண், வேதம் கொடுக்கப்பட்ட யூத, கிறிஸ்தவப் பெண்ணை மணக்க 5:5 வசனத்தில் இடமிருக்கிறது; ஆனாலும் இன்றைய சூழலில் வேண்டாம் என்று சொல்லும் ஆலிம்கள் அதிகம். சட்டம் வேறு. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் யாரும் மதம் மாறாமலே மணக்கலாம். 30 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அது அலுவலகத்தில் ஒட்டப்படும். அந்தச் சட்டத்தில் மணந்தால் சொத்துரிமை ஷரீஅத்படி வராது, இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி வரும்.

வயதுவந்த பெண் யாரை மணப்பது என்பது அவள் முடிவு என்று 2018இல் கேரளத்து ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் வாசல் வரைதான் வரும். அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கத்னா, பெருநாள், கிறிஸ்துமஸ், மய்யித்து, இதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது. பேசியிருக்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சிரிப்புத்தான்.

கல்யாணத்துக்காக மட்டும் கலிமா (இஸ்லாத்தின் உறுதிமொழி) சொல்ல வைப்பதை நான் விரும்பவில்லை. நம்பிக்கை வந்து சொல்ல வேண்டியதைத் தேதி குறித்துச் சொல்ல வைக்கிறோம்.

அவளுக்குப் பதினேழு. இரண்டு பேருக்கும் சம்மதம்.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் கல்யாணப் பேச்சே கிடையாது. 18க்குக் கீழ் உள்ள பெண்ணோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்தாலும் போக்சோ சட்டத்தில் குற்றம். தம்பி, இதில் வாதாடாதே.

திருவனந்தபுரத்தில் ஐடி வேலை. தினமும் ரயில். தொழுகையை எப்படி?

நாகர்கோவிலிலிருந்து தினமும் திருவனந்தபுரம் போய் வருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். "பயணம்தானே, சுருக்கித் தொழலாமா" என்கிறார்கள். சலுகைக்குச் சொல்லப்படும் தூரம் சுமார் எண்பது கிலோமீட்டர். நாகர்கோவில், திருவனந்தபுரம் இரண்டுக்கும் நடுவே எழுபதுதான். கொஞ்சத்தில் தவறிவிட்டது! சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபியில் இரண்டு நேரத்தைச் சேர்க்கவும் செய்யலாம், ஹனஃபியில் அப்படிச் சேர்ப்பதில்லை.

தினசரிக்கு வருவோம். மதியத் தொழுகை லுஹர் சாப்பாட்டு இடைவேளையில் முடியும். நான்கு ஃபர்ளு தொழ ஐந்தாறு நிமிடம். பிற்பகல் தொழுகை அசர்தான் மீட்டிங்கில் மாட்டும். டீம் லீடரிடம் ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுங்கள். சிகரெட் பிடிக்கப் பத்து நிமிடம் போகிறவர்களை யாரும் கேட்பதில்லை. மஃரிப் நம் பக்கத்தில் வருடம் முழுக்க ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான் வரும். அப்போது ரயிலில் இருப்பீர்கள். இஷா வரைக்கும் ஒரு மணிநேரத்துக்கு மேல் இருக்கிறது. இறங்கித் தொழ முடிந்தால் இறங்கி, முடியாதென்றால் ரயிலிலேயே நின்று, நிற்கவும் இடமில்லை என்றால் உட்கார்ந்து தொழலாம்.

ஆபீஸ் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்து ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யும்போது உள்ளே வருகிறவர் முழிப்பார். அதற்கு ஒரு வழி: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். நபியவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்வார்கள் என்று ஹதீஸ். முத்து என்பது ஓர் அளவு, ஏறத்தாழ முக்கால் லிட்டர். நாமோ பள்ளிவாசல் குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறோம்.

அதிகாலைத் தொழுகை சுபுஹுக்கு எழும்ப முடியவில்லை என்று விட்டே விடாதீர்கள். தூங்கிப்போனாலோ மறந்தாலோ நினைவு வந்ததும் தொழ வேண்டும். ஏழரை மணிக்குத் தொழுவது வெட்கமாக இருந்தால் நல்லதுதான், ஆனாலும் தொழுங்கள்.

நோன்பு மாதத்தில் மாதவிடாய். வீட்டில் ஆண்கள் முன்னால் நோன்பு இருப்பதைப் போல நடிக்க வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவார்கள். கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். என் காலத்திலும் இதே கதை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, சஹருக்கு மிஞ்சிய மரச்சீனியையும் மீன்கறியையும் அவசரமாக விழுங்குவேன். ஒரு நாள் காக்கா (அண்ணன்) தண்ணீர் குடிக்க உள்ளே வந்துவிட்டான். "நோம்பு இல்லியா?" "நீ நோம்பு பிடிச்சிருக்கியா?" "ம்." இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்; அவனும் நோன்பில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாதவிடாயில் நோன்பு பிடிக்கவே கூடாது. விட்ட நோன்பை அடுத்த ரமளானுக்குள் திருப்பிப் பிடிக்க வேண்டும். விட்ட தொழுகையைத் திருப்ப வேண்டியதில்லை. நோன்பில்லாதவர் ஊர் முன்னால் வைத்துச் சாப்பிட வேண்டாம் என்பது மரியாதை, அவ்வளவுதான். பட்டினி கிடந்து நடிப்பதற்கு எந்தக் கூலியும் இல்லை. அசருக்குப் பிறகு பள்ளிவாசலிலிருந்து வாளியில் வருகிற நோன்புக்கஞ்சியை மட்டும் யாரும் மறைந்து குடிப்பதில்லை.

மாமியார் வீட்டில் தர்கா, மவ்லிது (புகழ்ப்பாட்டு ஓதுவது). எங்கள் வீட்டில் அதெல்லாம் ஷிர்க் (இறைவனுக்கு இணைவைப்பது). எப்படிச் சமாளிப்பது?

தக்கலையில் இருந்துகொண்டு இதற்கு நழுவிப் பதில் சொல்ல முடியாது. சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பா இங்கே அடங்கியிருக்கிறார்கள். ரஜப் 14ஆம் ராத்திரி அவர்களுடைய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவார்கள். தமிழ் பிடிக்கும் என்றால் ஒரு தடவை கேளுங்கள் என்பேன். கேட்பதும், கப்ரில் கேட்டுப் பெறுவதும் வேறு வேறு என்று உங்கள் வாப்பா சொன்னால், அவர் சொல்வதையும் மதிக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் கேளுங்கள். "ஃபாத்திஹா ஓதுற வீடா?" என்று கேட்பதில் தப்பில்லை. மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்கிற ஊர் நமது. கட்டின பிறகு, மாமியார் கையில் இருக்கும் நேர்ச்சைச் சோற்றைத் தட்டிவிடுவதில் தவ்ஹீத் இல்லை. மருமகளை வலுக்கட்டாயமாக இழுத்துப்போய் நிறுத்துவதில் ஸுன்னத்தும் இல்லை.

இன்னும் சின்னச் சிக்கல்கள் வரும், அவை வேடிக்கையாக இருக்கும். ஷாஃபியில் மனைவி தொட்டால் ஒளு முறிந்துவிடும், ஹனஃபியில் முறியாது. நான் ஹனஃபி வீட்டுப் பெண், அவர் ஷாஃபி. கல்யாணமான புதிதில் ஒளு செய்துவிட்டு வந்தவர் கையில் டீ கிளாஸைக் கொடுத்தேன், விரல் பட்டது. மனிதர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் மறுபடி கால் கழுவிக்கொண்டு வந்தார். கோபமாக்கும் என்று நினைத்து நான் அழுதேன். இப்போதெல்லாம் டீயை மேசையில் வைத்துவிடுகிறேன்.

பெருநாள் இரண்டு நாளாக வருகிறதே?

கேரளத்தில் பிறை தெரிந்தது என்று ஒரு பள்ளி, சென்னைத் தலைமைக் காஜி சொல்லட்டும் என்று ஒரு பள்ளி. எல்லையோர மாவட்டத்தின் பழைய கதை. உங்கள் மஹல்லா என்ன சொல்கிறதோ அதன்படி போங்கள். மாமியார் ஊரில் வேறு நாள் என்றால் இரண்டு விருந்து.

வாட்ஸப்பில் தலாக் அனுப்பிவிட்டான். முடிந்ததா?

இல்லை. ஒரே மூச்சில் மூன்று தலாக் செல்லாது என்று 2017 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 சட்டப்படி வாயால் சொன்னாலும், எழுதினாலும், போனில் அனுப்பினாலும் செல்லாது. சொன்னவனுக்கு மூன்று வருடம் வரை சிறை. மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள்.

பெண் பிரிய விரும்பினால் குலா உண்டு. ஜமாஅத்தில் பேசிப் பார்ப்பது நல்லது. இரண்டு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவர் என்று குர்ஆனே சொல்கிறது (4:35). ஆனால் தனியார் அமைப்பு கொடுக்கிற குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1939ஆம் ஆண்டு சட்டத்தில் பெண் விவாகரத்துக் கேட்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன: நான்கு வருடம் ஆளைக் காணவில்லை, இரண்டு வருடம் செலவுக்குத் தரவில்லை, கொடுமை, இப்படி. வெளிநாடு போய் போன் நம்பரை மாற்றியவனுக்காக ஆயுசு முழுக்கக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

டீச்சர், உங்க கல்யாணம் லவ்வா, வீட்டில் பார்த்ததா?

வீட்டில் பார்த்ததுதான். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "வேலைக்குப் போகணும்னு இருக்கா?" இருக்கு என்றேன். மஹர் இரண்டு பவுன்.

அன்றைக்கு வாப்பா எனக்கு வலீ. வலீயாக உட்கார்கிறவன் பேனாவைப் பிடிக்கக் கூடாது என்று அவரே தஃப்தரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். எழுதியவர் அவசரத்தில் என் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டார், இனிஷியலும் தப்பு. பந்தல் சத்தத்தில் நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் போனபோது பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கல்யாணச் சான்றில் இன்னொரு பெயர். இரண்டு மாதம் அலைந்தேன். "ஊருல உள்ள எல்லாருக்கும் சரியா எழுதினேன், எம் மகளுக்கு இப்படி ஆச்சே" என்று வாப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். யாராவது அவசரப்படுத்தினால் நெய்ச்சோறு ஆறட்டும் என்று சொல்லுங்கள்.